கூட்டிச் சொன்ன வயது

ஆழிப்பேரலைக்குப் பின், நிக்கோபாரின் கச்சால் தீவில் வேலை பார்த்துவந்த என் அண்ணனின் பெயர் காணாமற்போனோர் பட்டியலில் இருந்தது. நான் அவருடைய தம்பிதான் என்பதற்குச் சான்று கேட்டார்கள். எங்கள் இருவர் பெயரையும் ஒருசேரத் தாங்கிய காகிதம் ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருந்தது: அப்பாவின் குடியுரிமைச் சான்றிதழ். மைனர் பிள்ளைகள் என்ற தலைப்பின்கீழ் முதலில் அவர், அடுத்து நான். அந்தப் பெயர்கள் ஏறிய நாளைப் பற்றி எழுதத் தோன்றுகிறது.

இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து ஒழுங்கான காகிதம் எதுவுமின்றி வந்த குடும்பம் எங்களுடையது. அந்தமானில், சௌல்தாரிப் பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் அப்பா ரப்பர் பால் வெட்டினார். அம்மா காலமான பிறகு அண்ணனையும் வேலைக்குப் பதிய வேண்டியிருந்தது. பதினெட்டு நிறையாதவருக்கு அங்கே பெயர் பதியமாட்டார்கள். ஆகவே பதினாறு வயது அண்ணன் ஒரே காலையில் பத்தொன்பது ஆனார். மலைத்தோட்டத்தில் பலரும் செய்துவந்ததுதான். அப்பா அதைப் பொய்க் கணக்கில் சேர்க்கவில்லை. ஒன்பது வயதான எனக்கும் பாடம் சொல்லித்தரப்பட்டது: யார் கேட்டாலும், அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

சில மாதங்களில் அப்பாவின் குடியுரிமை மனு தொடர்பாக மூவரும் போர்ட் பிளேர் அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டோம். அப்பா உறுதிமொழி எடுத்தால் மைனர் பிள்ளைகளும் அவரோடு குடிமக்களாகிவிடுவார்கள். வயது கடந்தவர் தனியே மனுச் செய்து காத்திருக்க வேண்டும். இலங்கைக்கே திருப்பி அனுப்பப்படவும் கூடும். மனுவில் அண்ணனுக்குப் பதினாறு, தோட்டம் தந்த கடிதத்தில் பத்தொன்பது. பொய் விவரம் என்றால் மனு முழுவதுமே தள்ளுபடி என்றார் அதிகாரி.

அப்பா எழுந்து நின்றார். "தோட்டத்துல கூட்டிச் சொன்னது நாந்தாங்க சாப். வயித்துப்பாட்டுக்குச் சொன்னேன். பையனுக்குப் பதினாறுதான்."

"வேலைக்குப் பத்தொன்பது, காகிதத்துக்குப் பதினாறு. கல்யாணத்துக்கு எத்தனை வைத்திருக்கிறாய்?" என்று இந்தியில் கேட்டுவிட்டு, அவர் என் பக்கம் திரும்பினார். அண்ணன் உன்னைவிட எவ்வளவு பெரியவர்?

நான் கைகட்டி நின்று ஒப்பித்தேன்: "தஸ் சால், சாப்." பத்து வருடம்.

அப்பாவின் முகம் போன போக்கு எனக்கு விளங்கவில்லை. பாடத்தைப் பிசகாமல் சொல்லியிருந்தேன். இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று அதிகாரி கேட்டார். அதையும் நான் மறைக்கவில்லை. அப்பாதான், தோட்டத்துக் கங்காணி கேட்டால் சொல்ல வேண்டியது, மாற்றிச் சொன்னால் அண்ணனுக்கு வேலை போய்விடும். நிஜத்தில் எத்தனை என்றார். ஏழு என்றேன்.

அதிகாரி பேனாவைத் திறந்து இரண்டு பெயர்களையும் எழுதினார். தோட்டத்துக் கடிதத்தை மடித்து அப்பாவிடமே கொடுத்துவிட்டார். அந்த மனிதரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. இந்த நாட்டில் நான் படித்த ஒவ்வொரு படிப்பின் முடிவிலும் அவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அபர்டீன் பஜாரில் பஸ்ஸுக்கு நின்றபோது அண்ணன் தாழ்ந்த குரலில் கேட்டார். "ஏம்ப்பா ஒத்துக்கிட்டீங்க? மனுவுலதான் தப்பா எழுதிட்டோம்னு என் பேர வெட்டச் சொல்லியிருக்கலாமே. மனுவையே மொத்தமா தூக்கிப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? என் பேரு போயிருந்தாலும் இவன் பேராவது வந்திருக்கும்ல."

"வாய மூடுறா. வந்தா ரெண்டு பேரும் வரணும்," என்றார் அப்பா.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு சாமர்த்தியமாக அண்ணனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மனிதருக்கு அதில் சந்தோஷமே இல்லை, எனக்கு ஒரு வார்த்தை நன்றியும் இல்லை. சௌல்தாரி வந்து சேரும்வரை அவர் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தேன்.