கையில வாங்கிப் பாருங்க

ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் முகம்மது கனி, கணினியின் மூளையான ப்ராசசரின் முதுகைத் துடைக்கும்போது கடைக்குள் யாரும் பேசக்கூடாது. காய்ந்து மண்ணாகிப்போன பழைய பசை கொஞ்சம் கொஞ்சமாக உரிந்து வரும். அடியிலிருந்து எழுத்தும் எண்ணும் தெரிந்த பிறகுதான் மூச்சை விடுவார். அப்புறம் அதைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கீழ்ப்பக்கத்துத் தங்கப் புள்ளிகளை வரிசை வரிசையாகப் பார்ப்பார். ஒரு புள்ளி கறுத்திருந்தாலும் தூக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவார். அந்த டப்பாவுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் கபர்ஸ்தான்.

சிங்காரத்தோப்பில் செருப்புக் கடை ஒன்றின் மேலே, ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத படிக்கட்டின் முடிவில் இருக்கிறது அவருடைய கடை. ‘சர்வர் கனி’ என்று கேட்டால்தான் கீழே வழி சொல்வார்கள். ஓட்டலில் பரிமாறுகிற ஆளைத் தேடுவதாக நினைத்து எதிர்ச்சாரி பிரியாணிக் கடைக்கு அனுப்பி வைத்த புண்ணியவான்களும் உண்டு.

பெயருக்குக் காரணம் எளிது. பெரிய கம்பெனிகளில் ராப்பகலாக ஓடும் சர்வர் இயந்திரங்களைச் சில வருடங்களில் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அவற்றின் ப்ராசசர்கள் கை மாறிக் கை மாறி, பொட்டலமாகக் கனியிடம் வந்து சேர்கின்றன. அதே வேகமுள்ள புதுசு வாங்கினால் ஆகும் செலவில் சின்னப் பங்குதான் இதற்கு ஆகும். சீனத்து மதர்போர்டு ஒன்றையும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றையும் சேர்த்தால், கையைக் கடிக்காத விலையில் விளையாட்டுக் கணினி தயார். “ரிட்டையர்டு ஆளுங்க சார். ஏசி ரூம்லயே உக்காந்து வேல பாத்தவங்க. வெயில் படல, தூசி படல. பென்ஷன் கேக்காம இன்னும் உழைப்பாங்க” என்பார். திருவெறும்பூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற தொழிற்சாலைக்காரர்கள் யாராவது பேரனுக்குக் கணினி கேட்டு வந்தால் மட்டும் இந்த வசனத்தை விழுங்கிவிடுவார்.

பழசைப் புதுசு என்று தலையில் கட்டுகிற ஆட்கள் இந்தத் தொழிலில் கொட்டிக் கிடக்கிறார்கள். அந்தப் பேச்சே கனிக்கு ஆகாது. ப்ராசசரைப் போர்டில் பொருத்துவதற்கு முன்னால் வாங்குபவரின் உள்ளங்கையில் அதை வைத்துவிடுவார். “கையில வாங்கிப் பாருங்க. பழசு. பழசுன்னு சொல்லித்தான் குடுக்குறேன்” என்பார். வாங்குபவர் புரட்டிப் பார்த்து, ‘சரி’ என்று வாயால் சொல்ல வேண்டும். நிக்காஹ்வில் பெண்ணின் சம்மதம் கேட்பது போலத்தான் அது நடக்கும். அந்தச் ‘சரி’ வராமல் ஸ்க்ரூ டிரைவரைத் தொட மாட்டார்.

போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை அந்த வழக்கமே அவரைக் குப்புறத் தள்ளப் பார்த்தது.

ஸ்ரீரங்கம் மேல உத்திர வீதியிலிருந்து ஜாஹ்னவி என்று ஒரு பெண் வந்திருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். ஐந்து பெண்கள் கொண்ட அணியில் ஒருத்தி. இணையத்தில் சுட்டு விளையாடும் ஆட்டம். அன்று மாலை நான்கு மணிக்கு மாநிலத் தேர்வுப் போட்டி. ஆரம்பிக்கும்போது ஐந்து பேரும் உள்ளே இருக்க வேண்டும். ஒருத்தி குறைந்தாலும் அணியையே நீக்கிவிடுவார்கள். வீட்டில் இருந்த பழைய மடிக்கணினி அந்த ஆட்டத்தின் பெயரைக் கேட்டாலே சூடாகிவிடும். கனியிடம் சொல்லி வைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆனால் அப்பாவுக்கு வர அன்றுதான் ஒழிந்தது. அப்பா ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். “ஓடறதை என் கண்ணால பாக்கணும். ஓடலேன்னா இந்த விளையாட்டுப் பேச்சே ஆத்துல எடுக்கப்படாது. பேங்க் பரீட்சைக்குப் படிக்கற வழியைப் பாரு.”

அந்த அப்பா கோபு. இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் பார்க்கிறவர். எதிரில் இருப்பவர் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டுத்தான் மீதியைக் காதில் வாங்குவார். அன்று கோயிலிலிருந்து நேரே வந்தார். நெற்றியில் திருமண் காயவில்லை, கையில் தொன்னை. அதிலிருந்த புளியோதரையைப் படிக்கட்டில் ஏறியபடியே சாப்பிட்டு முடித்தார். பிரசாதம் சாப்பிட்ட கையை அலம்புகிற வழக்கம் அவரிடம் இல்லை. இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துத் தலையில் தடவிக்கொண்டு கடைக்குள் வந்து உட்கார்ந்தார்.

கனி அதைப் பார்த்தார். ஸ்ரீரங்கத்துப் பையன்களோடு ஒரே பெஞ்சில் படித்தவர் என்பதால் அந்த வழக்கமும் அவருக்குத் தெரியும். விரல்களில் எண்ணெய் மினுங்கியது. ‘கை கழுவிட்டு வாங்க சார்’ என்று வேறு யாரிடமும் கூசாமல் சொல்லியிருப்பார். பெருமாள் பிரசாதம் பட்ட கையை அழுக்கு என்று, அதுவும் தன் வாயால் சொல்வதா என்று தயங்கினார். அதற்குள் கோபு கையை நீட்டிவிட்டார். “ஏதோ பழசுன்னேளே, குடுங்கோ பாப்போம்.”

கொடுத்தார். கோபு திருப்பினார், கவிழ்த்தார், தங்கப் புள்ளிகளின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தும் பார்த்தார். “சரி” என்றார். ஸ்பிரிட் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவர் எதிரிலேயே அதை எடுத்துத் துடைத்தால் வாயால் சொல்வதும் ஒன்று, அதுவும் ஒன்று. கனி காய்ந்த துணியால் ஓர் ஒற்று ஒற்றிவிட்டுப் பொருத்தினார். தொழிலில் மரியாதை பார்த்தால் என்ன ஆகும் என்று அடுத்த சில நிமிடங்களில் தெரிந்துவிட்டது.

பட்டனை அழுத்தினார். விசிறி சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. ரேமைக் கழற்றி இடம் மாற்றினார். கார்டைப் பிடுங்கிச் சொருகினார். ஒயரை மாற்றினார். ஜாஹ்னவியின் செல்போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ‘எங்கடி இருக்க’ என்று நான்கு பேரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் பதில் போட்டவள் பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

“செகண்ட் ஹேண்டு வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேனோன்னோ” என்றார் கோபு.

“ஒரு நிமிஷம் சார்” என்று சொல்லிக் கனி ப்ராசசரைக் கழற்றினார். தங்கப் புள்ளிகளின் குறுக்கே மஞ்சளாக ஓர் இழுவல். அது உட்காரும் கூட்டில், தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் ஆயிரக்கணக்கில் நிற்கிற இடத்தில், அதே மினுமினுப்பு. “கொஞ்சம் பிசுக்கு இருக்கு” என்றார். யாருடைய பிசுக்கு என்று சொல்லவில்லை.

“இருக்காதா பின்னே? எவன் கையில இருந்ததோ, எந்த ஊர்க் குப்பையில கிடந்ததோ.”

கனிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒரு வார்த்தை போதும், அந்த மனிதர் வாயை மூடிவிடுவார். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மகளுக்கு எதிரில் ஒரு தகப்பனைத் தலைகுனிய வைக்க மனம் வராமல் அதை விழுங்கினார். விழுங்கிய கோபம் கைக்குப் போனது. அந்தக் கூட்டுக்குள் கோபத்தோடு கை விடாதே என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவர், பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து வேகமாக விட்டார். எண்ணெய் வந்துவிட்டது. கூடவே பஞ்சின் ஒரு நார் கம்பியில் மாட்டி, கம்பி சாய்ந்துவிட்டது.

அந்த ரகத்துப் போர்டு கடையில் அது ஒன்றுதான், அடுத்தது வர ஒரு வாரம் ஆகும். பில் போடுகிற கணினி அந்த கிராபிக்ஸ் கார்டைத் தாங்காது. இந்த முறை பழியைப் போடுவதற்கு யாருடைய விரலும் இல்லை. அவர் கையேதான்.

“என்னாச்சுண்ணா?” என்றாள் ஜாஹ்னவி.

“ஒரு கம்பிய சாச்சுட்டேன்மா. நான்தான். லைட்டப் புடி.”

அவள் செல்போன் விளக்கைப் பிடித்தாள். வெளிச்சம் நடுங்கியது. கனி கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, தையல் ஊசியின் முனையைக் கம்பியின் கழுத்துக்குக் கீழே கொண்டுபோனார். “நீ ஆடுனா நானும் ஆடுவேன்மா. முழங்கைய மேசையில ஊனிக்க” என்றார். ஊன்றிக்கொண்டாள். வெளிச்சம் நின்றது. ஊசி தொட்டது, விலகியது, மறுபடி தொட்டது. இன்னும் ஒரு நூல் அதிகம் போனால் கம்பி ஒடிந்துவிடும். அது எழுந்து நின்றது, ஆனால் மற்றவற்றைப்போல அத்தனை நேராக இல்லை.

பொருத்தினார். பட்டனை அழுத்தினார். திரையில் வெளிச்சம் வந்தது. ஜாஹ்னவி சத்தம் போடாமல் அழுதாள். ஆட்டத்தைத் திறந்ததும் படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. மறுபடி ஏற்றினார், மறுபடி உறைந்தது. கனி யோசித்தார். மூன்றாம் முறை, ப்ராசசரின் மேல் உட்கார்ந்திருந்த கூலரின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். படம் ஓடியது. விரலைத் தளர்த்தினார், திக்கித் திக்கி நின்றது. அழுத்தினார், ஓடியது. சாய்ந்த கம்பிக்கு அந்த அழுத்தம் வேண்டியிருந்தது.

காவிரிப் பாலம் தாண்டி வீடு போய்ச் சேர நேரமில்லை. “இங்கயே உக்காரு. நான் புடிச்சுக்குறேன்” என்றார்.

“எவ்வளவு நேரம்ணா?”

“நீ முடிக்கிற வரைக்கும்தான். என்னப் பாக்காத, அதப் பாரு.”

அவள் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். ஐந்தாவது பெயர் திரையில் எரிந்தது. போட்டி ஆரம்பித்தது.

கனி பக்கவாட்டில் குனிந்து, ஒரு கையை மேசையில் ஊன்றி, மறுகைக் கட்டைவிரலை எடுக்காமல் நின்றார். கொஞ்ச நேரத்தில் விரல் மரத்தது, பிறகு மணிக்கட்டு, பிறகு தோள். கையை மாற்றலாம் என்றால் அந்த அரை நொடியில் படம் நிற்கும். அவள் ஆட்டத்துக்குள்ளே செத்துப்போவாள். அணிக்கு அவள்தான் பின்காவல். ஹெட்செட்டுக்கு வெளியே கசிந்த சத்தத்தில் நான்கு பெண்கள் அவளை நம்பிக் கத்திக்கொண்டிருந்தார்கள். கனியின் நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்தது. அது போர்டில் சொட்டிவிடுமோ என்று பயந்து முகத்தைத் தோளில் இழுத்துத் துடைத்துக்கொண்டார். விரல் லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தது. இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவருக்கே தெரியவில்லை.

கோபு எழுந்து மேசையருகே வந்தார். அங்கே கிடந்த பஞ்சுக் குச்சியை எடுத்தார். வெள்ளைப் பஞ்சில் மஞ்சள் ஏறியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். ஸ்பிரிட் நெடியையும் மீறி நல்லெண்ணெயும் பெருங்காயமும் மணந்தன. கனியைப் பார்த்தார். கனி கூலரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபு கதவைத் திறந்து வெளியே போனார்.

கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் கனி நினைத்தார். நடையின் கோடியில் இருந்த குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் வெகுநேரம் விழுந்துகொண்டிருந்தது.

கோபு திரும்பி வந்தபோது அவரிடம் சோப்பு வாசனை அடித்தது. வேட்டி நுனியால் ஒவ்வொரு விரலாக ஈரத்தைத் துடைத்தார். இரண்டு கைகளையும் புரட்டிக் கனியின் முகத்துக்கு நேரே காட்டினார். பிறகு அவருக்குப் பக்கத்தில் குனிந்து, “எங்கே அழுத்தணும், சொல்லுங்கோ” என்று கேட்டு, நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் கட்டைவிரலை ஒட்டித் தன் விரலை வைத்தார்.