உள்ளே நகர்ந்த மைத்துளி

1. காலை எட்டு மணி

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் சயன்ஸ் டீச்சராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டாம் உலக யுத்த காலம். பங்குனி பிறந்ததும் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வரப்போவதாகக் கடிதம் வந்தது.

எங்கள் பள்ளியில் அப்போது மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு, வரைதான் இருந்தது. அதற்கு மேல் படிக்க ஆசைப்படும் பெண் மதுரைக்கோ பாளையங்கோட்டைக்கோ போய் ஹாஸ்டலில் தங்க வேண்டும். அப்படி அனுப்பும் வீடு ஊருக்கு ஒன்று இருந்தால் அதிகம். அடுத்த வருடம் நாலாம் பாரம் தொடங்க அனுமதி கேட்டு எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் எஸ்தர் அம்மாள் மனுப் போட்டிருந்தார். அதற்காகத்தான் இன்ஸ்பெக்‌ஷன். எஸ்தர் அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஞானம், மத்த பாடமெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். அவிய ஒன் சயன்ஸ் கிளாஸைத்தான் உத்துப் பாப்பாவ. அது சரியா நடந்தா இந்தப் புள்ளைக படிக்கும். இல்லேன்னா வைகாசிக்குள்ள பாதிப் பேருக்குக் கல்யாணம் முடிஞ்சிரும்."

அவர் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உஷ்ணத்தால் வாயுக்கள் விரியும் என்பதுதான் நான் நடத்த வேண்டிய பாடம். பள்ளிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான் எங்கள் லேபரட்டரி. ஸ்பிரிட் விளக்கு இருந்தது, ஸ்பிரிட் கிடைக்கவில்லை. ஆகவே விளக்கில்லாமல் செய்யும் சோதனை ஒன்றைச் சீமைப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். ஒரு சிறிய கண்ணாடிக் குடுவை. அதன் வாயில் இறுக்கமான கார்க். கார்க்கின் வழியாக வெளியே வந்து பக்கவாட்டில் வளையும் மெல்லிய கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் ஒரு துளி சிவப்பு மை. குடுவையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தால் கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மைத்துளியை வெளியே தள்ளும்.

பத்து நாள், தினமும் காலை எட்டு மணிக்கு, பிள்ளைகள் வருவதற்கு முன்னால் செய்து பார்த்தேன். ஒரு நாளும் தவறவில்லை. கையை வைத்ததும் துளி சொன்ன பேச்சு கேட்டு வெளியே ஓடியது.

2. கரி பஸ்

இன்ஸ்பெக்ட்ரஸ் முந்தின நாள் ராஜபாளையத்தில் தங்கியிருந்தார். காலை ஒன்பது மணிக்கு வருவார் என்று ஏற்பாடு. பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிய சமயம் அது. அவர் ஏறிய பஸ் வழியில் நின்றுவிட்டது. பஸ்ஸின் பின்னால் இருந்த கரியடுப்பைக் கிளறி, கரி போட்டு, மறுபடி கிளப்பி அவர் வந்து இறங்கியபோது மணி இரண்டேகால். முகமெல்லாம் கரிப்புகை. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, "நேரா சயன்ஸ் கிளாஸுக்கே போயிடலாம்" என்றார்.

கொட்டகைக்குள் அனல் வீசியது. பதினாலு பிள்ளைகளும் வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் குடுவையை எடுத்தேன்.

"என் கையின் சூடு உள்ளே இருக்கும் காற்றுக்குப் போகும். காற்று விரியும். அதனால் துளி வெளியே நகரும். கவனியுங்கள்."

துளி சற்று நேரம் அசையாமல் நின்றது. பிறகு நகர்ந்தது, உள்பக்கமாக.

இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இன்னும் உள்ளே போனது. இன்ஸ்பெக்ட்ரஸ் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். எஸ்தர் அம்மாள் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கார்க் ஒழுகுகிறதோ, குழாய் விரிசல் விட்டதோ என்று என்னென்னவோ நினைத்தேன்.

இரண்டாம் பெஞ்சில் ராமலட்சுமி எழுந்து நின்றாள். வன்னியம்பட்டியில் பயிர் வைக்கும் சம்சாரி வீட்டுப் பெண். ஊருக்குள் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள்.

"டீச்சர், அது சரியாத்தான் போகுது."

"உக்காரு" என்றேன்.

"இருக்கட்டும். நீ இங்கே வாம்மா. ஏன் சரின்னு சொல்றே?" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ்.

"கொட்டகை கொதியாக் கொதிக்குதும்மா. குடுவையும் சுட்டுக் கெடக்கு. டீச்சர் கைல அம்புட்டுச் சூடு இல்ல, அதான் உள்ள காத்து சுருங்குது. பயத்துல கை குளுந்து போச்சு."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் என் கையைத் தொட்டுப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"உனக்கு இது எப்படித் தெரியும்?"

"போன வாரம் சாயங்காலம் தையல் கிளாஸ் நேரத்துல நானே செஞ்சு பாத்தேன். அப்பவும் உள்ளதான் வந்துது."

"நோட்டில எழுதினியா?"

ராமலட்சுமி என்னைப் பார்த்தாள். எழுதியிருந்தாள். "மாலையில் துளி உள்ளே வந்தது" என்று அவள் எழுதியதைக் குறுக்கே அடித்து, "தவறு. புத்தகத்தைப் பார்" என்று சிவப்பு மையில் எழுதியவள் நான். "நான் பாத்தது அப்படித்தான் டீச்சர்" என்று அவள் சொன்னதற்கு, புத்தகத்தில் உள்ள வாக்கியத்தைப் பத்துத் தடவை எழுதச் சொல்லித் தண்டனை கொடுத்தவளும் நான்தான்.

அந்தப் பெண் என்னைக் காட்டிக்கொடுக்க விரும்பாமல் நிற்கிறாள் என்று புரிந்தது. அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நானே போய் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்து இன்ஸ்பெக்ட்ரஸ் கையில் கொடுத்தேன்.

"அவ எழுதுனது சரிம்மா. அடிச்சது நான். நான் காலையில மட்டுந்தான் செஞ்சு பாத்தேன். தப்பு என்னோடது."

அவர் அடித்த வரியைப் படித்தார். பக்கத்தைத் திருப்பிப் பத்து வரியையும் பார்த்தார். "தெர்மாமீட்டர் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

சுவரில் தொங்கியதை ராமலட்சுமி எடுத்து வந்தாள். நூற்றிரண்டு டிகிரி காட்டியது. அதன் முனையை என் உள்ளங்கையில் வைத்து மூடச் சொன்னாள். எல்லோரும் சூழ்ந்து நின்று பார்க்கப் பாதரசம் இறங்கி இறங்கித் தொண்ணூற்று நாலில் நின்றது.

"சரி. காற்று சூடானா விரியும்னு இப்ப எப்படிக் காட்டுவே?" என்று இன்ஸ்பெக்ட்ரஸ் அவளிடம் கேட்டார்.

அவள் வாசல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தாள். "கிணத்தடிக் கல்லுல வைக்கலாம்மா. காலே வைக்க முடியாது, அம்புட்டுச் சூடு."

வகுப்பே எழுந்து வெளியே ஓடியது. புது மைத்துளி ஒன்றை விட்டு, குடுவையைக் கிணற்றடித் துவைகல் மேல் வைத்தோம். துளி கிடுகிடுவென்று வெளிப்பக்கம் ஓடி, குழாய் முனையில் ஒரு நொடி தொங்கி, இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவின் வெள்ளைச் சேலையில் தெறித்தது. எஸ்தர் அம்மாள், "அய்யோ!" என்று பதறினார். இன்ஸ்பெக்ட்ரஸ் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

புறப்படும்போது என்னிடம் சொன்னார்: "புஸ்தகம் எழுதினவர் குளிர் ஊர்க்காரர். உங்க ஊர் வெயில் அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியணும்."

3. உத்தரவு

பிறகு ஒன்றரை மாதம் தபால்காரரை எதிர்பார்த்தே கழிந்தது. ராமலட்சுமியைப் பெண் பார்க்க ராஜபாளையத்திலிருந்து வருகிறார்கள் என்று அவள் சித்தி சொன்னபோது மனம் உடைந்துவிட்டது. வைகாசி முதல் வாரத்தில் உத்தரவு வந்தது. நாலாம் பாரத்துக்கு அனுமதி. எஸ்தர் அம்மாள் அதை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். எனக்கு எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. "ஏட்டி, அழாத. மை கலைஞ்சிரப் போகுது" என்றார். அவர் கண்ணும் நனைந்துதான் இருந்தது.

மூன்றாம் நாள் ராமலட்சுமியின் அப்பா பள்ளிக்கு வந்தார். துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"நாலாம் பாரம் இங்கனக்குள்ளயே வந்திருச்சாமே டீச்சரம்மா?"

"ஆமாய்யா."

"வெளியூருக்கு அனுப்ப வேண்டியதில்லைல்லா?"

"வேண்டியதில்ல. சித்தி வீட்டுல இருந்தே படிக்கட்டும்."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "ராசாளையத்துலருந்து வாரவுகளுக்கு ஆள் விட்டுச் சொல்லிருதேன். புள்ள படிக்கிதுன்னு" என்றார். அவர் தெரு திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பங்குனியிலிருந்து நெஞ்சில் இருந்த கல் அன்றுதான் இறங்கியது.

ஆனி மாதம் நாலாம் பாரத்தின் முதல் வகுப்பில் பதினோரு பெண்கள் உட்கார்ந்தார்கள். குடுவையை மேஜைமேல் வைத்து, "கையால் பிடித்தால் துளி எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் உடனே, "வெளியே" என்றார்கள். ராமலட்சுமி எழுந்தாள்.

"மணி என்ன டீச்சர்? கொட்டகையில எத்தன டிகிரி?"

அன்று முதல் என் வகுப்பில் ஒவ்வொரு சோதனைக் குறிப்பின் தலைப்பிலும் நேரத்தையும் அறையின் உஷ்ணத்தையும் முதலில் எழுதச் சொன்னேன். ரிட்டயர் ஆகும்வரை அதை விடவில்லை. ஒரு பிள்ளை புத்தகத்துக்கு மாறாக எழுதிக் கொண்டுவந்தால், அது செய்த அதே நேரத்தில், அதே இடத்தில் நானும் ஒரு தடவை செய்து பார்த்த பிறகுதான் பேனாவைத் திறப்பேன். பெரும்பாலும் பிள்ளைதான் தவறியிருக்கும். சில தடவை அப்படி இல்லை. அந்தச் சில தடவைக்காகத்தான் மற்ற எல்லாத் தடவையும் செய்து பார்த்தேன்.