கிமிக்குப் பொருந்தாத கோட்டு

இதை எழுதினால் எங்கள் பாஸ்டர் கோபித்துக்கொள்வார். பேய் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று அவர் சொல்லும்போதெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிறவள் நான். இனிமேலும் ஆட்டுவேன். ஆனால் அந்தக் கோட்டை வெட்டித் தைத்தது பாஸ்டர் இல்லை, நான். அது நனைந்து கிடந்தபோது தொட்டுப் பார்த்ததும் என் கைதான். இதில் ஒரு வரிகூடச் சேர்த்துச் சொல்லவில்லை. சேர்க்க அவசியமும் இல்லை.

எங்கள் வடகிழக்கு மலை நகரமான அய்சாலில் ஃபேஷன் டிசைன் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பருவம் முழுக்க ஒரே வேலை. ஒரு சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். கையால் தொட முடியாத சொல்லாக இருக்க வேண்டும். அதைப் படமாக்கி, படத்தை மடிப்பும் சுருக்கமும் ஆக்கி, காடாத் துணியில் ஒருமுறை தைத்துப் பார்த்து, கடைசியில் நிஜத் துணியில் மூன்று உடைகளாக மேடையேற்ற வேண்டும். என் தோழி கிமி 'சிரிப்பு' எடுத்தாள். பாதி வகுப்பு 'சுதந்திரம்' எடுத்தது. நான் 'காத்திருத்தல்' எடுத்தேன்.

பேருந்து நிறுத்தம், கடிகாரம், ஜன்னல் கம்பி என்று படங்களாக வெட்டிப் பலகையில் ஒட்டி வைத்திருந்தேன். எங்கள் ஆசிரியை மிங்கி மிஸ் அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதெல்லாம் யாரோ காத்திருக்கிறது. உன் வீட்ல என்ன காத்திருக்கு? அதைக் கொண்டா."

எங்கள் வீட்டில் என்ன காத்திருந்தது என்பது தெருவுக்கே தெரியும். மிஸ் வெளியூர்க்காரர். அவருக்குத் தெரியாது.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு அப்பா த்லாங் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போனார். வெள்ளம் வந்துவிட்டது. எங்கள் பகுதி இளைஞர் சங்கத்துக்காரர்கள் வேலை வெட்டியை விட்டுவிட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கித் தேடினார்கள். வலை கிடைத்தது. அப்பா கிடைக்கவில்லை.

எங்கள் பெண்கள் கல்யாணமாகிப் போகும்போது ஒரு கறுப்புப் புவானையும் கொண்டுபோவார்கள். சிவப்புக் கோடு ஓடும் கைத்தறித் துணி. கணவன் இறந்தால் அவன்மேல் போர்த்துவதற்கு. கல்யாணத்தன்றே அதை மடித்துப் பெட்டியில் வைப்பது எங்களுக்கு அபசகுனம் இல்லை. அம்மாவின் புவான் டிரங்குப் பெட்டிக்குள் அப்படியே இருந்தது. அப்பா உயிரோடு வருவார் என்ற எண்ணத்தை அம்மா எப்போதோ விட்டுவிட்டாள். அவளுக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்று. அந்தத் துணியை அவர்மேல் போர்த்தி மண்ணுக்குள் வைக்க வேண்டும். எலும்பாக வந்தாலும் போதும் என்பாள்.

மிஸ் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். துணியைக் கேட்கவில்லை. சும்மா சொன்னேன். அம்மா அடுப்பிலிருந்து கீரையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். புவானைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"வெட்டிக்கோ."

"அம்மா, இது அப்பாவுக்கு..."

"போத்துறதுக்கு ஆள் வரணும்ல. பொட்டியத் தொறக்குறப்பல்லாம் என்னையே பாக்குது. எடுத்துட்டுப் போ சோமி."

அன்று இரண்டு பேருமே சாப்பிடவில்லை. கீரை அப்படியே கிடந்தது.

நான் நினைத்து வைத்தது ஒரு நீளக் கோட்டு. கைகள் விரல் நுனியைத் தாண்டித் தொங்கும். முன்பக்கத்தின் இடது பாதி அகலமாக இருக்கும், ஆனால் வலது பாதியோடு சேராது. பொத்தான் கிடையாது, கொக்கி கிடையாது, கட்டுகிற நாடாவும் கிடையாது. ஒரு பக்கம் எப்போதும் இன்னொரு பக்கத்துக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். மிஸ்ஸுக்குப் படம் பிடித்துவிட்டது. கூட இரண்டு வெள்ளைக் கவுன்கள். மூன்றுக்கும் கிமிதான் மாடல். விளக்குமாற்றுக் குச்சிக்குக் கை கால் முளைத்தது மாதிரி உடம்பு. அதை அவளே சொல்லிக்கொள்வாள்.

முதலில் காடாத் துணியில் தைத்தேன். கிமி போட்டாள். தோள் இரண்டு பக்கமும் சரிந்து முழங்கையை நோக்கி இறங்கியது.

"என்னடி இது, உன் வருங்கால மாமனாருக்குத் தைச்சியா?" என்றாள் கிமி.

காகிதத்தில் அளவைப் பார்த்தேன். சரியாக இருந்தது. மறுபடி வெட்டினேன், மறுபடி தைத்தேன். மறுபடி அதே அகலம். அவ்வளவே அகலம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மிஸ் இஞ்ச் டேப்பைப் பிடுங்கி அவரே காகிதத்தை அளந்தார்.

"காகிதம் சரியாத்தான் இருக்கு. நீதான் மெஷின்ல உக்காந்து தூங்குற."

எனக்கு எரிச்சலாக வந்தது. தூங்கினால் தையல் கோணும், கோட்டு வளருமா? நாள் இல்லாததால் நேராக நிஜத் துணிக்கே போகச் சொல்லிவிட்டார்.

புவான் இரண்டு பட்டைகளாக நெய்து நடுவில் இணைத்தது. அந்த நடுத்தையலைப் பிரிக்கும்போது மட்டும் கத்தரியை இரண்டு முறை கீழே வைத்தேன். அப்புறம் ஒன்றுமில்லை. நானும் கிமியும் மாற்றி மாற்றி அளந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வெட்டினோம். தைத்து முடித்து, கிமியின் அளவில் இருந்த டம்மி பொம்மைக்குப் போட்டுப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. அப்பாடா என்று வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் தோள் டம்மியைத் தாண்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. கீழ் ஓரம் ஈரம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அது மார்ச் மாதக் கடைசி. அந்த மாதத்தில் அய்சாலில் தண்ணீருக்கு எங்கே போவது? லாரி வந்தால் குடத்தால் அடித்துக்கொள்ளாத குறை. எங்கள் தையல் அறைக் குழாயைத் திறந்தால் காற்றுதான் சீறும்.

"எலி வேலையா இருக்கும்," என்றாள் கிமி, மூக்கைப் பிடித்துக்கொண்டு.

நான் முகர்ந்து பார்த்தேன். எலி இல்லை. சேறு, பாசி. அப்பா வலையைக் காயப்போடும்போது வாசலில் அடிக்கும் வாடை.

அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

இஸ்திரி போட்டுக் காயவைத்தேன். மறுநாள் ஈரம் பாக்கெட் வரை ஏறியிருந்தது. பாக்கெட்டைத் தொட்டால் உள்ளே ஏதோ நெருநெருவென்றது. வேலை முடியும்வரை பாக்கெட்டின் வாயை நூலோட்டி மூடி வைப்போம், இழுபடாமல் இருக்க. அந்த நூல் நான் போட்டபடியே இருந்தது. பிரித்துப் பார்த்தேன்.

ஆற்று மணல்.

புதன்கிழமை மேடை. வெள்ளைக் கவுன் ஒன்றுக்குக் கீழ்மடிப்பு பாக்கி. ஞாயிற்றுக்கிழமை தைத்தால்தான் உண்டு. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஊசியைத் தொட்டால் என்ன பேச்சுக் கேட்க வேண்டியிருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கடை திறக்காது, வண்டி ஓடாது, ஊரே தேவாலயத்தில் இருக்கும். கிமி வீட்டுப் பக்கம் இருக்கும் ஆலயத்துக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, தையல் அறைச் சாவியோடு கிளம்பினேன்.

அந்த அறை சாலைக்கு இரண்டு மாடி கீழே, மலைச் சரிவில். நல்ல வெயில். மேலே ஆலயத்தில் மதிய ஆராதனை. முரசு ஒரே சீராகக் கேட்டது. டும்... டும்... அதோடு பாட்டும். கோட்டைப் போட்டிருந்த டம்மியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தேன். அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து கவுனை மடிக்கத் தொடங்கினேன்.

டும்... டும்...

டொக்.

கை நின்றது. குழாய் என்று நினைத்தேன். குழாயில்தான் தண்ணீரே இல்லையே.

டொக்... டொக்...

திரும்பினேன். டம்மிக்குக் கீழே சிமெண்டுத் தரை வட்டமாக நனைந்திருந்தது. வட்டம் பெரிதாகிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன்.

கோட்டின் இரண்டு கைகளும் தொங்கவில்லை. மடங்கி, மார்பின் குறுக்கே, ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டியிருந்தன. பொத்தானே இல்லாத அந்த இடது பாதி இழுத்து மூடப்பட்டிருந்தது. குளிரில் நிற்கிற மனுஷன் தன்னைத்தானே கட்டிக்கொள்வானே, அப்படி.

டம்மிக்குக் கை கிடையாது.

ஆனால் துணி தட்டையாக இல்லை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை உருண்டிருந்தது. அதற்கப்பால் தெரியவில்லை. விரல் தெரியாத நீளத்துக்குக் கை வைத்தவள் நான்தான்.

அது நடுங்கியது...

லேசாக. விடாமல்.

ஓடியிருக்க வேண்டும். கால் வரவில்லை. பயம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் பயத்தை முந்திக்கொண்டு அழுகை வந்துவிட்டது. இரண்டு வருஷம். இரண்டு வருஷமாக அந்தத் தண்ணீருக்குள்...

"குளிருதாப்பா?"

முரசு நின்றது.

நடுக்கமும் நின்றது.

வலது கை மெல்லப் பிரிந்தது. என் பக்கம் கொஞ்சம் நீண்டது. பிறகு பொத்தென்று விழுந்து, வெறும் துணியாகத் தொங்கியது.

எப்படி அதைக் கழற்றினேன் என்று தெரியாது. ஈரப் போர்வை மாதிரி கனத்தது. காடாத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினேன். ஆராதனை முடிந்து நல்ல உடையில் வந்துகொண்டிருந்த கூட்டம், தெப்பலாக நனைந்துபோன என்னை வேடிக்கை பார்த்தது. பார்த்துக்கொள்ளட்டும் என்று நடந்தேன்.

அம்மா அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். கோட்டை வாங்கிக் கட்டிலில் விரித்தாள். தோளில் கை வைத்து சாண் போட்டு அளந்தாள். வருஷா வருஷம் அப்பாவுக்கு ஸ்வெட்டர் பின்னிய கை அது.

"இது யாருக்குத் தைச்ச?"

"கிமிக்கும்மா."

"இல்ல," என்றாள். ஈரத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஆற்றில் தேடிய நாட்களில்கூட அம்மா அழுது நான் பார்க்கவில்லை. அன்று அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு, இளைஞர் சங்கத்துச் சாங்கா அண்ணன் வீட்டுக்குப் போனாள். அன்றைக்குக் கயிறு கட்டி முதலில் இறங்கியவர் அவர்தான். எங்கள் பகுதியில் சாவு விழுந்தால் குழி வெட்டுவதும் சங்கத்துக்காரர்கள்தான்.

"ஒரு குழி வெட்டணும் சாங்கா."

"யாருக்குப் பெரியம்மா?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"உடம்பு... கெடச்சிருச்சா?"

"கோட்டு கெடச்சிருக்கு. அது போதும்."

சாங்கா அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் ஆட்களைக் கூப்பிடக் கிளம்பிவிட்டார். உடல் இல்லாமல் அடக்கமா என்று பாஸ்டர்தான் இழுத்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சரி என்றுவிட்டார். அதற்காக அவரை எனக்கு இன்றும் பிடிக்கும்.

செவ்வாய்க்கிழமை பெட்டி வந்தது. கோட்டை உள்ளே அம்மாவே வைத்தாள். இடது பாதியை இழுத்து வலது பாதியின்மேல் மூடிவிட்டாள், குழந்தைக்கு மூடுவது மாதிரி. தெருவே பாடிக்கொண்டு பின்னால் வந்தது.

மறுநாள் மேடையில் என் பெயருக்கு இரண்டு கவுன்கள்தான்.

"கோட்டு எங்க?" என்றார் மிஸ்.

"அதுக்குச் சொந்தக்காரர் எடுத்துட்டுப் போயிட்டாரு மிஸ்."

கிமி எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். மிஸ் திட்டவில்லை. தேறுகிற அளவுக்கு மார்க் போட்டார், அதற்குமேல் ஒன்றுகூடப் போடவில்லை. அதன்பிறகு அந்த அறையில் எதுவும் நனையவில்லை. அம்மா வேளைக்குச் சாப்பிட்டாள், தூங்கினாள். நானும் இதை மனப்பிரமை என்று மூட்டை கட்டிவைக்கப் பார்த்தேன்.

மழை விட்ட பிறகு ஒரு நாள் சாங்கா அண்ணன் வந்தார். டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"பெரியம்மா, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்குப் பொட்டில கோட்டு மட்டும்தான வெச்சீங்க?"

"ஆமா. ஏன்?"

"வீட்லருந்து தூக்குறப்ப லேசாத்தான் இருந்துச்சு. ஒத்தக் கையால தூக்கிரலாம். உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நாங்க நாலு பேரும் பல்லக் கடிச்சிக்கிட்டு, கனமா இருக்குற மாதிரி நடிச்சோம்." அவர் டீயைக் கீழே வைத்தார். "கல்லறைப் படி எறங்குறப்ப நடிக்க வேண்டி வரல பெரியம்மா. தோள் மாத்தினோம். இன்னும் ரெண்டு பேரக் கூப்பிட்டோம். அப்புறம் பாதிப் படியில... உள்ள யாரோ திரும்பிப் படுத்தாங்க. பொட்டி அப்படியே ஒருக்களிச்சுது. ஆறு பேருக்கும் தெரிஞ்சுது. இன்னி வரைக்கும் எங்களுக்குள்ளயே பேசிக்கல."

அம்மா அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கம்?"

"என்னது பெரியம்மா?"

"எந்தப் பக்கமாத் திரும்பினாரு?"

அவர் யோசித்தார். தன் தோள்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வலது பக்கம்."

அம்மா தலையாட்டினாள்.

"அப்படித்தான் தூங்குவாரு," என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு சூடாக வேறு போட உள்ளே போனாள்.