வேன் அனுப்பட்டுமா, சார்?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. முடிவெட்டும் கடையில் கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருக்கிறேன். போன் அடித்தது. என் கை இரண்டும் துணிக்குள். கடைக்காரர் ரொம்ப அன்பானவர். அவரே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“வணக்கம் சார். குடியை நிறுத்தணும்னு எங்க வெப்சைட்ல கேட்டிருந்தீங்க... வேன் அனுப்பட்டுமா, சார்?”

கத்தரி நின்றது. பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் பேப்பரைக் கீழே இறக்கினார்கள்.

“எனக்கில்லைங்க” என்றேன்.

“எல்லாரும் முதல்ல அப்படித்தான் சார் சொல்லுவாங்க” என்றது போன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — எனக்குத் தெரிந்த ஒரே போதை ஃபில்டர் காபி. அதுவும் டாக்டர் புண்ணியத்தில் அரை டம்ளராகிவிட்டது. பிறகு எதற்கு வேன்? சொல்கிறேன்.

என் தங்கை மல்லிகா எங்கள் ஊர் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறாள். அவள் கணவர் தனசேகர் பட்டுப் புடவை நெய்கிறவர். தங்கமான மனுஷன், அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் குடி உண்டு. ஆரம்பித்தால் நாலைந்து நாள் தறிப் பக்கமே போகமாட்டார். அப்புறம் அவராகவே நிறுத்திவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்து நெய்வார். மறுபடி ஒரு நாள் ஆரம்பிக்கும்.

ஒரு காலையில் மல்லிகா வந்தாள். காபி கொடுத்தால் குடிக்கவில்லை.

“ண்ணா, நேத்து தறியில இழை அறுந்துபோச்சு. முடி போட உக்காந்தாரு. கை நடுங்குது, போட முடியல. நான்தான் போட்டுக் குடுத்தேன். அப்ப சொல்றாரு, ‘மல்லிகா, என்னை யார்கிட்டயாச்சும் காட்டேன்’னு. இத்தினி வருசமா நான்தான் சொல்லிக்கினு இருந்தேன். அவரு வாயில இருந்து வந்தது இதான் மொத தடவை. இந்த மனசு எத்தினி நாளைக்கு இருக்கும்னு தெரியல. சீக்கிரம் ஏதாச்சும் பாருண்ணா.”

தான் வந்து சொன்னது அவருக்குத் தெரியக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டாள். அண்ணனிடம் போய்ச் சொல்லிவிட்டாள் என்று தெரிந்தால் அவர் கூசிப்போய்விடுவார். அவள் போன பிறகு எனக்கு உள்ளூர பயம் பிடித்துக்கொண்டது. நான் தாமதித்து, அந்த மனசு மாறிப்போனால்?

சரி, தகவல் தேடுவோம். எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதில் ஒரு தனிக் கர்வம் உண்டு. நாம் தேடிக் கிடைக்காததா?

தமிழில் தேடினேன். முதலில் வந்தது ஒரு பொடி. ‘அவருக்கே தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்!’ கீழே ஒரு அம்மையார், ‘எங்கள் வீட்டில் ரசம்தான், பரவாயில்லையா?’ என்று கவலையோடு கேட்டிருந்தார். அடுத்து ஒரு மையம். படத்தில் நீச்சல் குளம், தென்னை மரம், பல் தெரியச் சிரிக்கும் வெள்ளைக்காரர்கள். ‘இலவசக் கையேடு வேண்டுமா? உங்கள் நம்பரைப் போடுங்கள்.’

போட்டேன். கையேடு வரவில்லை... வேன்காரர் போன்தான் வந்தது.

அன்றிலிருந்து என் போன் என்னைச் சந்தேகிக்க ஆரம்பித்தது. மழை வருமா என்று பார்த்தால், ‘குடியை விடத் தயாரா?’ கோயில் நடை திறக்கும் நேரம் பார்த்தால், ‘இன்றே புது வாழ்வு!’ சீரியல் பார்க்க என் போனை வாங்கிய மனைவி, கொஞ்ச நேரத்தில் அதைத் திருப்பிக் கொடுத்தாள். “ஏங்க, மனசுல எதுனா இருந்தா என்கிட்ட சொல்லக் கூடாதா?” விஷயத்தைச் சொன்னேன். தலையாட்டினாள். ஆனாலும் என் காபி டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கழுவப் போட்டாள்.

அடுத்து ஆங்கிலம். ஆராய்ச்சிக் கட்டுரைகள் கொட்டிக் கிடக்கின்றன. முதல் பத்தியைப் படிக்க விடுவார்கள். சுவாரஸ்யம் பிடிக்கும் இடத்தில் ஒரு பூட்டுப் படம். நான் விடுவேனா? ஏனாத்தூர் பஸ் ஏறி, தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு காலேஜ் லைப்ரரிக்குள் புகுந்துவிட்டேன். போதைப் பழக்கம், கவுன்சலிங் என்று ஒரு முழு ரேக். புத்தகங்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். லைப்ரேரியன் மெதுவாக அருகில் வந்தார்.

“நீங்க தைரியமா படிங்க சார். இந்த ரேக்குக்கு வர்றவங்களைப் பத்தி நாங்க வெளிய பேசுறதில்ல.”

நன்றி சொன்னேன்.

ஒரு வாரம் படித்தேன். கிரேவிங் (குடிக்கத் துடிப்பது), டிரிக்கர் (அதைத் தூண்டிவிடுவது), ரிலாப்ஸ் (மறுபடி விழுவது) — வாயைத் திறந்தால் இதுதான். திரும்பத் திரும்ப என் கண்ணில் பட்டது ஒரு விஷயம்: ஓய்வு நாள்தான் ஆபத்து. வீக்எண்ட் வந்தால் ஜாக்கிரதை. அந்த நேரத்தை வேறு விதமாக நிரப்ப வேண்டும். பிடித்துவிட்டேன் சூட்சுமத்தை! மல்லிகாவுக்குப் போன் போட்டேன்.

“சனி ஞாயிறு அவரைத் தனியா விடவே கூடாது. நான் பாத்துக்கிறேன்.”

“ண்ணா, அது வந்து...”

“நீ சும்மா இரும்மா. எல்லாம் படிச்சிட்டேன்.”

சனிக்கிழமை காலை தறியில் உட்கார்ந்திருந்தவரை, “மாப்ளே, கிளம்புங்க” என்று எழுப்பி ஸ்கூட்டரில் ஏற்றித் திருமுக்கூடல் போனேன். மூன்று ஆறு கூடும் இடத்தில் அன்றைக்கு மணல் மட்டும் கூடியிருந்தது. கோயில் கல்வெட்டுகளை எனக்குத் தெரிந்தவரை படித்துக் காட்டினேன். பாவம், வெயிலில் நின்று கேட்டார். அங்கேயும் அடித்தது போன். “சார், வேன்...” கட் செய்துவிட்டேன். தனசேகர் நாசூக்காகக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு பிரியாணி, சினிமா. அடுத்த சனி ஞாயிறும் இதே பாடு. அவர் சொட்டுக்கூடத் தொடவில்லை. மறுப்பே சொல்லாமல் கூட வந்தார். நடுநடுவே என் தோளைத் தொட்டு, “நல்லா தூங்குறீங்களா மச்சான்?” என்று விசாரித்தார். என்ன ஒரு பாசம் என்று நெகிழ்ந்துபோனேன்.

லைப்ரேரியன் ஒரு பெயர் சொல்லியிருந்தார். ஷமீம். ஒலிமுகமதுபேட்டையில் ஒரு மாடி அறையில் கவுன்சலிங் செய்யும் உள்ளூர்ப் பெண். அவரைப் பார்க்கப் போனேன். ஆலோசனை கேட்கவா? இல்லை... பாராட்டு வாங்க.

மல்லிகா சொன்னதையும், நான் படித்ததையும் செய்ததையும் ஷமீம் பொறுமையாகக் கேட்டார்.

“நான் பரீட்சைக்குக்கூட இவ்ளோ படிக்கல சார். அது இருக்கட்டும், அவரு இன்னா சொல்றாரு?”

“யாரு?”

“உங்க மாப்பிள்ளை.”

“அவர்கிட்ட... இன்னும் பேசலை.”

ஷமீம் சிரிக்கவில்லை. “அவருக்குத் தெரியாம ஒண்ணும் பண்ணாதீங்க சார். பொடி விக்கிறவங்களும் அதைத்தான் பண்றாங்க. ஆளைக் கேக்காம வேன் அனுப்புறவங்களும் அதைத்தான் பண்றாங்க.”

சாம்பார்ப் பொடிக் கோஷ்டியில் என்னையும் சேர்த்துவிட்டாரே! சுருக்கென்றது. ஆனால் நியாயம்தானே? ஒருவருக்கு உதவ வேண்டுமென்றால் நாம் உலகத்தையே விசாரிக்கிறோம் — அந்த ஒருவரைத் தவிர.

“அப்போ எதைத்தான் நம்புறது?” என்றேன்.

“கேரண்டின்னு சொன்னா நம்பாதீங்க. வீட்டு ஆளுங்களை உள்ள விடலைன்னா நம்பவே நம்பாதீங்க. லைசென்ஸ் இருக்குதா, டாக்டர் யாருன்னு கூச்சப்படாம கேளுங்க. மனநலத் துறைக்காரங்க போட்ட கையேடு தமிழ்லயே இருக்குது, சும்மா கெடைக்கும். விளம்பரம் குடுக்காததால மேல வராது, கீழ தேடணும். அப்புறம் சார், கை நடுங்குதுன்னு சொன்னீங்களே... மொதல்ல கவர்மென்ட் ஆஸ்பத்திரியில காட்டுங்க. திடீர்னு நிறுத்துறதுலயும் ஆபத்து இருக்குது. நானெல்லாம் அதுக்கப்புறம்தான்.”

மல்லிகாவின் சம்மதம் வாங்கிக்கொண்டு நேராகத் தறிக்குப் போனேன். தனசேகர் தறிக் குழியில் கால் விட்டு நெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“மாப்ளே... யார்கிட்டயாவது காட்டணும்னு கேட்டீங்களாமே. மல்லிகா சொன்னா.”

தறிச் சத்தம் நின்றது.

“அதுக்கா மச்சான் ரெண்டு வாரமா என்னை இட்டுக்கினு சுத்துனீங்க?”

“ஆமா.”

“நான் உங்களுக்குத்தான்னு இல்ல நெனச்சேன்!”

முடிவெட்டும் கடைச் சேதி பிள்ளையார்பாளையம் வரை போயிருக்கிறது. திருமுக்கூடலில் வந்த போனையும் காதில் வாங்கியிருக்கிறார். “மச்சானைத் தனியா விடக் கூடாதுன்னுதான் தறியை நிறுத்திட்டு உங்ககூடவே வந்தேன். இல்லன்னா அந்த வெயில்ல கல்வெட்டு பாப்பேனா நானு?”

இருவரும் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். அவர்தான் முதலில் நிறுத்தினார். நடுங்கும் விரல்களைப் பார்த்துக்கொண்டே, “வர்றேன் மச்சான்” என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்து மாத்திரை கொடுத்தார். பிறகு ஷமீமின் மாடி. முதல் நாள் நானும் கூட இருக்க வேண்டும் என்று தனசேகரே கேட்டார். ஷமீம் கிரேவிங் பற்றிப் பேசவில்லை. டிரிக்கர் பற்றிப் பேசவில்லை.

“உங்களுக்கு லீவு என்னைக்குண்ணே?”

“அமாவாசைம்மா.”

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

பிள்ளையார்பாளையத்தில் சனியும் ஞாயிறும் வேலை நாள். தறி ஓய்வது அமாவாசைக்கு! என் அப்பாவும் நெசவாளிதான். அமாவாசையன்று சும்மா கிடக்கும் தறியில் ஊஞ்சலாடி அடி வாங்கியவன் நான். பிறகு சென்னைக்கு ரயிலேறி ஆபீஸ் போனேன். என் லீவு சனி ஞாயிறுக்கு மாறியது. ஊர் லீவும் கூடவே மாறிவிட்டதாக நினைத்துவிட்டேன். ஏனாத்தூர் ரேக்கில் இல்லாத தகவல் எங்கள் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் கறுப்பு வட்டமாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

“காத்தால தலை முழுகி, படையல் போட்டு, மத்தியானம் சாப்ட்டுடுவோம். அப்புறம் இன்னா பண்றது? கூட்டாளிங்க ரெண்டு பேரு தெருமுனையில நிப்பாங்க. அங்க ஆரம்பிக்கும். அடுத்த நாளெல்லாம் தன்னால போவும்.”

“சனி ஞாயிறு?”

“அன்னைக்குக் குடிச்சா புடவையை யாரும்மா நெய்யறது? இப்ப ரெண்டு வாரமாத்தான் மச்சான் வந்து கெடுத்துட்டாரு.”

ஷமீம் இப்போது சிரித்தார். நன்றாகவே சிரித்தார். (பிறகு மல்லிகாவிடம், முன்பே சொல்லக் கூடாதா என்று கோபித்துக்கொண்டேன். “நீ எங்கண்ணா பேச விட்ட?” என்றாள்.)

“இங்க ஞாயித்துக்கிழமைதான் எல்லாரும் சேந்து உக்காருவாங்க. உங்களுக்காக வர்ற அமாவாசைக்கும் ரூமைத் திறக்கிறேன். சாப்ட்டதும் இங்க வந்துடுங்கண்ணே.”

“பாக்கலாம்மா” என்றார் தனசேகர்.

எங்கள் ஊரில் ‘பாக்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

அமாவாசை வந்தது. நான் ஸ்கூட்டரில் போய் ஏற்றி வருவதாகச் சொன்னேன். ஷமீம் விடவில்லை. “அவரா வரட்டும் சார்.” மாடி அறையில் உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. நின்றேன். ஜன்னலுக்குப் போனேன். மல்லிகா போன் செய்தாள்.

“சாப்ட்டுக் கிளம்பிட்டாருண்ணா. வாசல்ல நின்னு பாத்துக்கினு இருக்கேன். தெருமுனையில அந்த ரெண்டு பேரும் நிக்கிறாங்க... இவரும் நின்னுட்டாரு. பேசிக்கினு இருக்காரு.” சட்டென்று அவள் குரல் மாறியது. “ண்ணா... மூணு பேரும் சேந்து போறாங்கண்ணா.” அழுகிறாள் என்று தெரிந்தது. போனை வைத்தேன். ஷமீம் என்னைப் பார்க்காமல் நாற்காலிகளை நேராகப் போட்டுக்கொண்டிருந்தார்.

ரொம்ப நேரம் கழித்து மாடிப்படியில் செருப்புச் சத்தம். ஒருவர் சத்தமில்லை. கும்பலாக.

வாசலில் தனசேகர். வேர்த்து வழிய, நெற்றியில் காலையில் இட்ட விபூதி கலையாமல். பின்னால் இரண்டு பேர், பாதி உள்ளே பாதி வெளியே.

“எனக்காக நின்னுக்கினு இருந்தாங்கம்மா. விட்டுட்டு எப்டி வர்றது? செத்த நேரம் உக்காந்துட்டுப் போலாம் வாங்கடான்னு இட்டுக்கினு வந்துட்டேன்.”

“நாங்க சும்மா... தொணைக்கு” என்றார் பின்னால் நின்றவர்களில் ஒருவர்.

“தொணைக்கு வந்தவங்களும் உக்காரலாம்ணே” என்றார் ஷமீம். நாற்காலி போதவில்லை. நான் எழுந்து என்னுடையதைக் கொடுத்தேன். சந்தோஷமாகத்தான். கிளம்பலாம் என்று போனை எடுத்தேன், மல்லிகாவுக்குச் சொல்ல வேண்டுமே.

அதற்குள் அதுவே அடித்தது. பதற்றத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

“வணக்கம் சார். பேஷண்டுக்கு வேன் அனுப்பட்டுமா, சார்?”

அறை முழுக்க என்னைப் பார்த்தது. தனசேகர் கை நீட்டிப் போனை வாங்கினார். கூட்டாளிகளை ஒரு முறை பார்த்தார்.

“பேஷண்ட் நான்தாம்பா. வேன் வேணாம்... நடந்தே வந்துட்டேன்.”