வாய்க்குள் முளைத்த கால்முடி

பல்வலி என்றுதான் முதலில் நினைத்தேன். இலுப்பூரில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். வீங்கிய இடது கன்னத்தைப் பார்த்தவர்கள், நான் வெற்றிலை அடக்கியிருப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

திருச்சியில் சதை எடுத்துச் சோதித்த டாக்டரம்மா சொன்னார்: "கேன்சர் இல்லைங்க. அபூர்வமா வர்ற கட்டி. ஆனா விட்டா தாடையெலும்பத் தின்னுக்கிட்டே போகும். அந்தப் பக்கத்த எடுத்துட்டு, கால் எலும்புல ஒரு துண்டு வச்சு தாடை பண்ணிடலாம்."

"அப்பறம் நடக்க முடியுங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

"நடக்கலாம். முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பு இருக்கு. மெல்லிசா இருக்கறதுலதான் எடுப்போம்."

எலும்போடு மேல்தோலும் ஒரு துண்டு வரும், அதை வாய்க்குள் தைப்போம் என்றும் சொன்னார். அது என் காதில் ஏறவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி. என் வாய் நாற்றம் எனக்கே குமட்டியது. உதடு மரத்துவிட்டதால் எச்சில் வழிவது தெரியாது. சட்டை நனைந்து நெஞ்சில் சில்லென்று பட்டால்தான் தெரியும். பார்க்க வந்த மச்சினன், "நல்லாத்தான் இருக்கீங்க மச்சான்" என்றபடியே முகம் துடைப்பதுபோல் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டான். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் பொத்தியிருப்பேன்.

குழாயை எடுத்து, குழைத்த தயிர்ச்சோறு சாப்பிட ஆரம்பித்த பிறகு ஒரு மத்தியானம் நாக்கில் முடி தட்டியது.

"சோத்துல முடி கெடக்கு."

மனைவி தட்டை வாங்கிக் கிளறிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லைங்களே. வாய ஆன்னு காட்டுங்க."

விரலை விட்டு இழுத்தேன். வரவில்லை. வலிக்கவும் இல்லை. செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தவள் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். ஈறு இருக்க வேண்டிய இடத்தில் என் கால் தோல். அதில் கருகருவென்று முடி. முடியில் சோற்றுப் பருக்கைகள். கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். அதுவும் அந்த முடியில் சிக்கிக்கொண்டது.

"த்தூ... நாயி வாய்கூட இப்பிடி இருக்காது" என்றேன்.

"ஒங்க கால் முடிதானங்க."

"என்னுதுங்கறதாலதான் அருவருப்பா இருக்கு."

சின்னக் கத்தரியை வெந்நீரில் போட்டெடுத்து அவளே வெட்டிவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவளால் அப்படி மூடிக்கொள்ள முடியவில்லை.

"அந்தத் தோலுக்கு எடம் மாறுனது தெரியாதுங்க" என்று மறுபடி திருச்சி போனபோது டாக்டரம்மா சிரித்தார். சிலமுறை போய் லேசரில் முடியை எடுத்துக்கொண்டேன். பிறகு புது எலும்பில் திருகு இறக்கிப் பல்லும் கட்டினார்கள். கட்டி திரும்ப வரவில்லை. முறுக்குக்கூடக் கடிக்கிறேன்.

ஆனால் உதட்டு மரப்பு மட்டும் போகவில்லை. கல்யாணப் பந்தியில் எதிரே உட்கார்ந்திருக்கும் மனைவி சில சமயம் தன் மோவாயைத் தொட்டுக் காட்டுவாள். துடைத்துவிட்டுக் கைக்குட்டையைப் பார்ப்பேன். பாயசம், எச்சில், மென்ற சோறு. அதற்கு மேல் ஒரு வாய் இறங்காது. இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.