துணி வாளியும் மாவு வாளியும்

பொய்யைப் பொய் என்று சொன்னால் போதும். அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் ஒரு வரி எழுதிய மனுஷனைப் பூதத்தான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பம்பாயில், தாராவியில் இட்லி அவித்து மாட்டுங்காவில் சைக்கிளில் விற்கிறவன் அவன். அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டது பொய் பரப்பினவன் அல்ல, அந்தப் பொய்யைச் சரிபார்க்க வந்த வைத்தீஸ்வரன். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவன் வீட்டு அடுப்பு எரிகிறது, சிரிக்கிறான்.

இட்லித் தட்டில் ஈரத்துணி விரித்து அதன்மேல் மாவு ஊற்றுவது அவர்கள் வழக்கம். இட்லியை மூடிக்கொண்டு போவதும் அதே துணியில்தான். துணி கொஞ்சம் பழுத்தாலும் மாட்டுங்காவில் ஒருத்தரும் பாத்திரத்தை நீட்டமாட்டார்கள். அதற்காக அவன் பெண்டாட்டி கீதா கடைசி அலசலில் சொட்டு நீலம் விடுவாள். சந்தில் போன எவனோ ஒருத்தன் திறந்த கதவு வழியாக அதைப் படம் பிடித்துவிட்டான். வாளியில் நீலம் சொட்டுகிறது, வெள்ளையாக ஏதோ ஊறுகிறது, பக்கத்தில் மாவு டிரம். ‘இட்லி வெளுக்க மாவில் கெமிக்கல், மக்களே உஷார்’ என்று எழுதி அனுப்பினான். பொழுது சாய்வதற்குள் அது காட்கோபர், உல்லாஸ்நகர் எல்லாம் சுற்றிவிட்டு மாட்டுங்கா வாட்சப்புகளில் வந்து இறங்கியது.

வைத்தீஸ்வரன் மாட்டுங்காவில் பூதத்தான் இட்லி விற்கிற தெருவில் ஒரு பழைய பில்டிங்கின் முதல் மாடியில் இருந்தார். பெண்டாட்டி போய்விட்டாள், ஒரே மகள் ஷ்யாமளா காட்கோபரில். வேலையில் இருந்த காலமெல்லாம் கப்பல் கம்பெனி ஒன்றில் சரக்குச் சேதம் பார்க்கிற குமாஸ்தா. மூட்டை நனைந்தது என்று எவனாவது எழுதினால், கிடங்குக்குப் போய் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். வேலை போனாலும் கை போகவில்லை. குரூப்பில் எந்தச் செய்தி வந்தாலும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மாஹிமில் பிள்ளை பிடிக்கிறவள் சுற்றுகிறாள் என்று ஒரு படம் வந்தபோது, அங்கே போய் அவளைக் கண்டுபிடித்துப் பேசி, இடுப்பில் இருந்தது அவள் பெற்ற பிள்ளைதான் என்று எழுதியவர். சர்க்கரை வியாதிக்குப் பாகற்காய் ஆவி என்று பில்டிங் குரூப்பின் அட்மின் ரஞ்சனா அனுப்பியதை டாக்டரிடம் கேட்டு, ‘இது தப்பு, அனுப்பியவர் ரஞ்சனா’ என்று பெயரோடு போட்டவர். அன்றிலிருந்து ரஞ்சனா அவரைப் பார்த்தால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை அவர் சிரிப்பு என்றே நினைத்தார்.

அவர் இட்லி விஷயத்துக்கும் வந்தார். வேர்வை ஒழுக ஒழுகச் சந்துக்குள் நுழைந்து, துணியை மோந்து பார்த்தார், மாவை நாக்கில் வைத்துப் பார்த்தார், கீதாவிடம் ஆயிரம் கேட்டார். போய் எழுதினார்: இட்லி மாவில் நீலம் கலப்பது பொய், துணி அலசுவதைத் தப்பாகச் சொல்கிறார்கள். இதோடு நிறுத்தியிருந்தால் பூதத்தான் அவருக்குக் கோயில் கட்டியிருப்பான். மனுஷன் கீழே ஒரு வரி சேர்த்தார்: ஆனால் துணி அலசுகிற வாளியிலேயே கழுவிவிட்டு மாவும் மொள்ளுகிறார்கள், அது சரியில்லை.

அவர் எப்போதும் தமிழில்தான் எழுதுவார், அதுவும் நீளமாக. பில்டிங் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மாமா என்ன சொல்கிறார் என்று அவர்கள் கேட்க, ரஞ்சனா இங்கிலீஷில் ஒரே வரியில் போட்டாள்: மாமா நேரில் போய்ப் பார்த்தாராம், அழுக்குத் துணி வாளியிலேயே மாவாம். பொய் ஒரு வாரத்தில் செத்துப்போயிருக்கும். இந்த நிஜம் சாகவில்லை. வருஷா வருஷம் மழை தொடங்கி வயிற்றுப்போக்கு வந்தால் அந்தப் படம் திரும்ப வரும், கூடவே அந்த ஒரு வரியும் வரும்.

பூதத்தான் மறுநாளே மாவுக்குத் தனி வாளி வாங்கிவிட்டான். யாருக்குத் தெரியும்? கேட்டில் நின்று சைக்கிள் ஹாரன் அடித்தால் ஜன்னலைச் சாத்தினார்கள். அந்தப் பில்டிங்கில் கடைசிவரை அவனிடம் இட்லி வாங்கியது வைத்தீஸ்வரன் ஒருத்தர்தான். சட்னியை முகர்ந்து பார்த்துவிட்டு, நேற்றைக்கு உப்பு கூட என்று குறை வேறு சொல்வார். அந்த வரியை அழித்துவிடச் சொல்லி அவன் கெஞ்சாத நாளில்லை. அவர் அசையமாட்டார்.

“எழுதின அன்னிக்கு அது நிஜம். இன்னிக்கு வாளி மாறிடுத்துன்னா, இன்னிக்கு வந்து பாத்துட்டுப் புதுசா எழுதறேன். பாக்காம எழுத மாட்டேன், கேட்டியோ.”

ஆனால் வந்து பார்க்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அடுத்த மாசம் சரியாகிவிடும் என்பார். அப்படியே வருஷங்கள் ஓடின. மாடிப்படி இறங்குவதே நின்றுபோயிற்று. போன மழைக்குப் படம் மறுபடி சுற்றி, மிச்சமிருந்த இரண்டு பில்டிங்கும் இட்லியை நிறுத்தியபோது, ஊருக்கே போய்விடலாம் என்றாள் கீதா. பூதத்தான் நேரே வைத்தீஸ்வரன் வீட்டுக்குப் போய் அவர் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

“ஏறுங்க சார். உங்க காலு வராட்டா என் காலு வரும். இன்னைக்கு நீங்க பாக்காம நான் எந்திரிக்கப் போறதில்ல.”

வைத்தீஸ்வரன் சட்டையை மாற்றிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஏறினார். முதுகில் அந்த உடம்பு காலி மாவு மூட்டை மாதிரி இருந்தது. படியில் ஒரு இடத்தில் கால் வழுக்கவே கிழவர் வாயைப் பிளந்து ஒரு கையை மேலே தூக்கினார். கேட்டுக்கு வெளியே நின்ற சைக்கிளின் கேரியரில் தலையணையைக் கட்டி அவரை உட்காரவைத்து, ரயில் பாலம் தாண்டித் தொண்ணூறடி ரோடு வழியாகத் தள்ளிக்கொண்டே போனான்.

கீதா அவருக்கு முறுக்கிக்கொண்டுதான் காட்டினாள். துணிக்குச் சிவப்பு வாளி வாசலில் கிடந்தது. மாவுக்கு எவர்சில்வர் உள்ளே இருந்தது. கிழவர் இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார்.

“பாத்துட்டியளா? இல்ல, அடுப்புக்குள்ளயும் தலைய விட்டுப் பாக்கணுமா?”

“அணைச்சிருந்தா விட்டுப் பாக்கலாம்” என்றார் அவர். கீதாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து போனில் எழுதினார்: நேரில் பார்த்தேன், வாளி தனித்தனி, பழைய குறை இப்போது இல்லை. அனுப்பிவிட்டு இரண்டு இட்லி சாப்பிட்டார். பூதத்தான் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தான் என்று கீதா சொல்வாள்.

அந்தச் சிரிப்பு கேட் வரைக்கும்தான் வந்தது. அவர் எழுதியது குரூப்புக்குப் போகுமுன்பே ஒரு போட்டோ போயிருந்தது. எதிர் மாடியிலிருந்து மாடிப்படி ஜன்னல் வழியாக எடுத்தது. பூதத்தான் முதுகில் கிழவர், வாய் பிளந்து, கை மேலே. தனியாக இருக்கும் மாமாவை இட்லிக்காரன் தூக்கிக்கொண்டு போகிறான், வீட்டை எழுதி வாங்கத்தான், எல்லோரும் பரப்புங்கள் என்று ரஞ்சனா கீழே எழுதியிருந்தாள். காட்கோபரிலிருந்து ஷ்யாமளா டாக்சியில் வந்து நின்றிருந்தாள். தெருவே கேட்டில் திரண்டிருந்தது.

கிழவரைக் கேரியரிலிருந்து இறக்கிய கை காலியானதும் முதல் அடி விழுந்தது. அடித்தவர்களில் பாதிப் பேர் சின்ன வயதில் அவன் இட்லி தின்று பள்ளிக்கூடம் போனவர்கள். உதடு கிழிந்தது. சைக்கிளை மிதித்து வளைத்தார்கள். அவன் கையை உயர்த்தவில்லை. உயர்த்தினால் அதையும் போட்டோ எடுப்பார்கள்.

நான் சொல்லித்தான் தூக்கிக்கொண்டு போனான், விடுங்கோ என்று வைத்தீஸ்வரன் வாட்ச்மேனின் நாற்காலியில் கிடந்து கத்தினார். ரஞ்சனா அவர் தோளைத் தடவிக்கொடுத்தாள். மாமாவுக்கு இப்போதெல்லாம் எது நிஜம் என்றே தெரிவதில்லை, பாவம் என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. ஷ்யாமளா அப்பாவின் முன்னால் குனிந்தாள்.

“அப்பா, இன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்கோ பாப்போம்.”

பதில் தெரியாமலா? ஆனால் மனுஷன் பிறந்ததிலிருந்து எதையும் பார்க்காமல் சொன்னதில்லை. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது, போனை எடுத்துத் தேதி பார்க்க. கையில் போன் சிக்கவில்லை. பையைத் துழாவினார். துழாவிக்கொண்டே இருந்தார். கூட்டத்தில் யாரோ ‘ச்சு’ கொட்டினார்கள். ஷ்யாமளா முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவ்வளவுதான், தீர்ப்பு ஆகிவிட்டது. வருஷக்கணக்காக ஊர் உலகத்துப் பொய்யை எல்லாம் துருவிப் பார்த்த மனுஷனை, ஒரு கிழமையைக் கேட்டுப் பைத்தியமாக்கி மாடிக்கு அனுப்பிவிட்டார்கள்.

போனை ஷ்யாமளா வாங்கிவைத்துக்கொண்டாள். தூங்க மாத்திரை வந்தது, பார்த்துக்கொள்ள ஒரு மராத்திக்காரி வந்தாள், வெளியே ஒரு பூட்டும் வந்தது. அவர் வாளியைப் பற்றி எழுதியதை ரஞ்சனா குரூப்பிலிருந்து நீக்கினாள். மாமா சுயநினைவில் எழுதியதில்லை என்று காரணமும் போட்டாள். பழைய வரியை மட்டும் நீக்கவில்லை. அது அவர் புத்தி நன்றாக இருந்தபோது எழுதியதாம்.

பூதத்தான் தெருப்பக்கம் தலைகாட்டவில்லை. உதடு ஆறியது. சயானில் ஒரு ஓட்டலுக்கு அவித்துக் கொடுத்துப் பார்த்தான், இரண்டு வாரத்தில் அந்தப் போட்டோ அங்கேயும் வந்துவிட்டது. கீதா பெட்டியைக் கட்ட ஆரம்பித்தாள். அந்தச் சமயம்தான் மராத்திக்காரி கேட்டுக் கேட்டுத் தாராவிக்கே வந்து, பாபா கூப்பிடுகிறார், ஒரே ஒரு தடவை, மகள் மத்தியானம் இருக்கமாட்டாள் என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டுவிட்டு வரவேண்டும் என்றுதான் போனான். பின்பக்கப் படி வழியாக ஏறினான், மராத்திக்காரி பூட்டைத் திறந்துவிட்டாள். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்ததும் பாதி மறந்துவிட்டது. முகத்தில் மழிக்காத வெள்ளை மயிர், வாயோரம் கஞ்சி காய்ந்திருந்தது. கண் மட்டும் பழையபடி ஆளை எடைபோட்டது. மிச்சப் பாதியைக் கேட்டுவிட்டான்.

“அந்த ஒத்த வரிய எழுதாம இருந்திருந்தா, நீங்களும் இப்படிக் கிடக்கவேண்டாம், நானும் மிதி வாங்கியிருக்கவேண்டாம். என்னத்துக்கு சார் எழுதினிய?”

“ஒரே வாளிதானே?”

“ஒரே வாளிதான்.”

“பின்னே?”

வைத்தீஸ்வரன் மாத்திரை மயக்கத்தில் கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று பூதத்தான் எழுந்தபோது கையைப் பிடித்தார். மறுநாளோ அதற்கு மறுநாளோ ஷ்யாமளா அவரைக் காட்கோபருக்குக் கொண்டுபோய்விட்டாள், மழை முடிவதற்குள் அங்கேயே போய்ச் சேர்ந்தார். ஆக அவர் அவனிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்.

“நாளைக்குக் காலம்பற இட்லியோட கேட்டுக்கு வா. அந்த ரஞ்சனாவுக்குக் காது கேக்கறாப்ல உரக்கச் சொல்லு. கிழவனுக்கு அன்னிக்கே புத்தி கெட்டுப்போயிருந்தது, வாளியைப் பத்தி எழுதினதெல்லாம் உளறல், எங்க வீட்டுல எப்பவும் ரெண்டு வாளிதான்னு சொல்லு. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டா. என்னைப் பைத்தியம்னு நீ சொன்னா நம்புவா. இட்லியும் வாங்குவா. சொல்லிடு, என்ன?”