மீன் வயிற்றில் ஒரு மதியம்

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்பிவலையில் ஒரு மீனைச் செய்து நிறுத்தினார்கள். ஆள் உயரம், நீலப் பெயின்ட், திறந்த வாய். காலி பாட்டிலை அந்த வாயில் போட வேண்டும். நெய்வேலியில் ஏது கடல் என்று கேட்டால், இங்கே வீசும் பாட்டில் மழைக்கு வாய்க்காலில் இறங்கி, பரவனாற்றோடு போய்க் கடலூரில் கடல் சேருகிறதாம். நியாயம்தான். மீனின் வயிற்றைக் காலி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது, கான்ட்ராக்டில்.

வால் பக்கம் சின்னக் கதவு, தாழ்ப்பாள் வெளியே. ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி தவழ்ந்து உள்ளே போவோம். அன்று என் கூட்டாளி லீவு. எனக்கோ அவசரம். எட்டு வருடக் கான்ட்ராக்டுக்குப் பிறகு பெர்மனென்ட் லிஸ்டில் என் பெயர் வந்திருந்தது. மதியம் இரண்டு மணிக்குள் ஆபீசில் கையெழுத்துப் போட்டால்தான் அது நிலைக்கும். கதவுக்குக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுப் போனேன். கல் நழுவியது. மற்ற நாளில் அடித்தாலும் விழாத சனியன் தாழ்ப்பாள், அன்று சரியாகப் போய் விழுந்தது. போன் வெளியே பையில் இருந்தது.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் கூடினார்கள்.

"விழிப்புணர்வு நாடகங்க. பிளாஸ்டிக்ல மாட்டிக்கினு மீனு எப்படித் தவிக்குதுன்னு நடிச்சிக் காட்டறாங்க" என்று ஒருவர் எல்லோருக்கும் விளக்கினார்.

"நாடகம் இல்லிங்க. கதவத் தொறந்து வுடுங்க" என்றேன்.

"பாத்தியா, மீனே கெஞ்சுது" என்றார் அவர். கைதட்டினார்கள். ஓர் அம்மா தண்ணீரைக் குடித்து முடித்து, பாட்டிலை ரொம்பப் பொறுப்பாக மீனின் வாயில் போட்டார். அது என் தலையில் விழுந்தது.

கம்பி சுட்டது, மூச்சு முட்டியது. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. வாய்விட்டுக் கத்தியிருக்க வேண்டும். அதற்குள் ஒருவர் போனைத் தூக்கினார். "யாராச்சும் போட்டோ எடுத்தா மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு நிக்காத, சிரி. இல்லன்னா கான்ட்ராக்ட் போயிடும்" என்று மீன் வந்த நாளிலேயே மேஸ்திரி சொல்லியிருந்தார். சிரித்துத் தொலைத்தேன். எட்டு வருடப் பழக்கம்.

இரண்டு மணிச் சங்கு ஊதி, ஷிப்ட் முடிந்து வந்த ஓர் ஆள்தான் தாழ்ப்பாளைத் தூக்கினார். ஆபீசுக்கு ஓடினேன். லிஸ்ட் மேலே போய்விட்டது என்றார் கிளார்க். மீனுக்குள் மாட்டிக்கொண்டேன் என்றேன். அவர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். வாட்ஸ்அப்பில் அதற்குள் என் படம் வந்திருந்தது. பாட்டில்களுக்கு நடுவே பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"மாட்டிக்கினவங்க மூஞ்சாம்மா இது?" என்று கேட்டார்.